பல்கலைக்கழக ஊரில் மூன்று வாரம்: டென்னிஸ் ஆட ஆள் கிடைக்குமா?

ஊர்சுற்றி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வார ஆய்வுப் பணி கிடைத்திருக்கிறது. துணைக்கு நானும் போகிறேன். அவர் காலையில் நூலகத்துக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். எனக்கு மடிக்கணினியில் அரை நாள் வேலை, மீதி அரை நாள் சும்மா.

நேற்று அந்த ஊரின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளாகத்தை ஒட்டி எண்ணினால் பதினெட்டு டென்னிஸ் ஆடுகளங்கள். இத்தனை ஆடுகளங்களை ஒரே இடத்தில் நான் கண்டதே இல்லை. படத்தில் ஒன்றிலும் ஆள் இல்லை! அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வயது நாற்பத்தேழு. இருபது ஆண்டுகளாக விட்டுவிட்டு ஆடுகிறேன். சர்வீஸ் சுமார், ஃபோர்ஹேண்ட் பரவாயில்லை, பேக்ஹேண்டைப் பற்றிப் பேச வேண்டாம். அங்கே வெளியாள் ஒருவன் போய் ஆட முடியுமா? ஆட ஆளை எப்படிப் பிடிப்பது? ராக்கெட்டைச் சுமந்துகொண்டு போவதா, அங்கேயே இரவல் வாங்கிக்கொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டோரம்

படத்தை நம்பிப் போகாதீர்கள். பல்கலைக்கழக ஊரில் காலியாகத் தெரிகிற ஆடுகளம் எல்லாம் காலி ஆடுகளம் ஆகிவிடாது.

நடுவர் நாற்காலி, மின்பலகை, பார்வையாளர் படிக்கட்டு இவை இருந்தால் அது பல்கலைக்கழக அணியின் இடம். கதவு திறந்தே கிடந்தாலும் உள்ளே கால் வைக்காதீர்கள். இதெல்லாம் இல்லாமல், ஓரத்தில் ஒரு விதிப் பலகை மட்டும் தொங்கினால் அது மாணவர்களும் ஊழியர்களும் ஆடும் இடமாக இருக்கும். அங்கே அட்டை கேட்பார்கள், அல்லது கேட்க ஆள் இருக்காது. இரண்டும் நடக்கும். ஊராட்சியோ நகராட்சியோ நடத்தும் பூங்கா ஆடுகளம் தனி. உங்களுக்கு முதலில் அதுதான். படத்தில் நீங்கள் எண்ணிய பதினெட்டில் எத்தனை எந்த வகை என்று தெரியாமல் கனவு காணாதீர்கள்.

காலைப்பறவை

கோட்டோரம் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார். நான் பணி நிமித்தமாக ஏழெட்டுப் பல்கலைக்கழக ஊர்களுக்குப் போயிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ராக்கெட்டோடு போய் நிற்பேன். மாணவர்கள் அந்த நேரத்தில் எழுந்திருப்பதே இல்லை. ஒரு முறைகூட யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. அனுமதி கேட்டால்தான் இல்லை என்று சொல்வார்கள். கேட்காமல் ஆடுங்கள்.

கோட்டோரம்

காலைப்பறவை, உங்களை யாரும் கேட்காமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை. அதை உரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் ஒரு விடியற்காலை திறந்த கதவு வழியாகப் போனேன். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. கூடையில் இருந்த பழைய பந்துகளை எடுத்துச் சர்வீஸ் பழகிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரே நிறச் சட்டையில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை, போகவும் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே வரிசையாக நின்று, எல்லோரும் ராக்கெட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். பன்னிரண்டு பந்துகளின் டக் டக் ஓசை. நான் அப்போது அடித்த சர்வீஸ் வலையின் அடிப்பகுதியில் பட்டது. அதற்கடுத்ததும் அங்கேயேதான். அதன் பிறகு நான் விதிப் பலகை படிக்காமல் எந்த ஆடுகளத்துக்குள்ளும் போனதில்லை.

காலைப்பறவை

அணியின் பந்துக்கூடையில் கை வைத்தது உங்கள் தவறு. நான் என் பந்தைத்தான் கொண்டு போவேன்.

பழைய மட்டை

ஒற்றையர் ஆட ஆள் தேடாதீர்கள். நான்காம் ஆளாகப் போங்கள்.

ஊர்சுற்றி

பழைய மட்டை ஐயா, புரியவில்லை. கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்.

ஆய்வுக்கூடத்து எலி

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறாம் ஆண்டாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கிறேன் (எத்தனை ஆண்டு மிச்சம் என்று யாரும் கேட்க வேண்டாம்). உள்ளே இருப்பவளாகச் சொல்கிறேன்.

உங்கள் கையில் ஒரு சாவி இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் மனைவி வருகைதரு ஆய்வாளர் என்றால் அவருக்கு ஓர் அடையாள அட்டை தருவார்கள். பல இடங்களில் அந்த அட்டைக்கு விளையாட்டு மையமும் சேர்த்தி. வாழ்க்கைத்துணைக்குத் தனி அட்டையோ விருந்தினர் சீட்டோ கொடுக்கும் வழக்கமும் உண்டு. அவருடைய துறை அலுவலகத்தில் இருப்பவரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பேராசிரியருக்குத் தெரியாதது எல்லாம் அந்த அலுவலருக்குத் தெரியும்.

அடுத்தது நாள்காட்டி. பருவம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் ஆடுகளம் நிரம்பி வழியும். புது ராக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் வருவார்கள். பிறகு தானாக வடிந்துவிடும். தேர்வு வாரத்தில் காலியாக இருக்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இளநிலை மாணவர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஆய்வு மாணவர்கள் அப்போதுதான் வெளியே வருவோம். விடைத்தாள் திருத்துவதிலிருந்து தப்பிக்க வேறு இடம் எங்களுக்கு இல்லை. விடுமுறை மாதங்களில் ஆடுகளம் முழுக்க உங்களுக்குத்தான், ஆனால் எதிரே நிற்க ஆள் இருக்க மாட்டார். சில இடங்களில் அந்த மாதங்களில் சிறுவர் பயிற்சி முகாமும் நடக்கும். காலை முழுக்க ஐம்பது குழந்தைகள், ஐந்நூறு பந்துகள்.

நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே?

ஊர்சுற்றி

பருவத்தின் நடுப்பகுதி. அட்டை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. மனைவியிடம் சொன்னேன். "ஆய்வுக் கட்டுரைக்கு நான் கேட்காத உதவியை எல்லாம் டென்னிசுக்குக் கேட்கச் சொல்கிறீர்கள்" என்றார். கேட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

நரம்புக்காரர்

ராக்கெட் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் தொழில் அதுதான் என்பதால் சொல்கிறேன். இரவல் ராக்கெட்டை நம்பாதீர்கள். விளையாட்டு மையத்தில் வைத்திருப்பவை அலுமினிய மட்டைகளாக இருக்கும். நரம்பு மாற்றி எத்தனை ஆண்டு ஆனதோ! அதில் அரை மணி ஆடினாலே முழங்கை சொல்லிவிடும். உங்களுடையதையே கொண்டு போங்கள். கைப்பையாக அனுமதிப்பார்களா என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் போடுவதானால் நடுவில் வைத்து இரு பக்கமும் துணி அடுக்குங்கள். கிளம்பும் முன் புது நரம்பு கட்டிவிடுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கிக்குள் ராக்கெட்டை விட்டுவிட்டு வராதீர்கள், சூட்டில் இழுவிசை இறங்கிவிடும்.

ராக்கெட்டைவிட முக்கியம் காலணி. ஓடுவதற்கான காலணியோடு போகாதீர்கள். அது முன்னோக்கி ஓடுவதற்குச் செய்தது, பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் மடங்கும். மேலும், கறுப்புத் தடம் பதிக்கும் அடிப்பாகம் உள்ள காலணியைப் பல உள்ளரங்குகளில் அனுமதிக்கவே மாட்டார்கள்.

பந்து? அங்கேயே புது டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்த நாளிலிருந்து அழுத்தம் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பையில் போன மழைக்காலத்திலிருந்து கிடக்கிற பந்துகளைக் கொண்டு போய்ப் புது ஆளிடம் நீட்டினால் உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அங்கேயே முடிந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதாவது விட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். தலை உயரத்திலிருந்து கைவிடுங்கள், இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் அது நாய்க்குத்தான்.

மலையூரான்

பந்து என்றதும் நினைவு வருகிறது. போகிற ஊரின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மலை ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்குக்குப் போய் ஆடினேன். நான் அடித்த பந்தெல்லாம் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டிப் பின்வேலியில் போய்த்தான் நின்றது. பயண அலுப்பு என்று நினைத்தேன். எதிராளிதான் சிரித்துக்கொண்டே சொன்னார். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்தின் வேகம் அவ்வளவாக மட்டுப்படாது. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கூடுவதால் அதிகமாகவும் எழும்பும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்து விதிகளில் இருக்கிறது. டப்பாவின் மேல் அப்படி எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் பந்துக்கு மேல்சுழற்சி கூட்டி, வீச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இடக்கை

ஆள் பிடிப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கு போனாலும் முதல் கேள்வி "உங்கள் தரம் என்ன?" என்பதாகவே இருக்கும். அமெரிக்க முறையில் 1.0 தொடங்கி 7.0 வரை அரை அரையாக ஏறும். சர்வதேசக் கூட்டமைப்பின் பழைய முறையில் 10 என்பது தொடக்க நிலை, 1 என்பது உச்சம். இப்போதைய உலக டென்னிஸ் எண் 40-இல் தொடங்கி 1 வரை இறங்கும். ஒன்றில் ஏறினால் பெருமை, மற்றொன்றில் இறங்கினால் பெருமை. நான் ஒரு முறை இதைக் குழப்பிக்கொண்டு "என் தரம் ஏழு" என்று சொல்லிவிட்டேன். பத்தில் தொடங்கும் முறையில் அது உண்மைதான். கேட்டவர் அமெரிக்கக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த அளவில் ஏழு என்றால் உலகம் சுற்றி ஆடும் தொழில்முறை வீரர். மறுநாள் என்னோடு ஆட அவர் யாரை அழைத்து வந்திருந்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆறு-பூஜ்யம், ஆறு-பூஜ்யம்.

எண் சொல்லாதீர்கள். "பத்துப் பந்து தொடர்ந்து தட்டுவேன், இரண்டாவது சர்வீஸ் மெதுவாகத்தான் வரும்" என்று சொல்லுங்கள். கேட்பவருக்குப் படமே கிடைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்து எலி

நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வளாகத்தில் ஒரு வேடிக்கை: பேராசிரியர்கள் எல்லோரும் தங்கள் தரத்தை அரைப் புள்ளி கூட்டிச் சொல்வார்கள். மாணவர்கள் அரைப் புள்ளி குறைத்துச் சொல்வார்கள்.

பழைய மட்டை

கேட்டீர்கள் அல்லவா, விளக்குகிறேன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக ஊரில் மக்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்தால் போய்விடுவார்கள், ஆய்வு விடுப்பு என்று ஓராண்டு காணாமல் போவார்கள், கருத்தரங்கு என்று வாரம் ஒருவர் வெளியூர் போவார். ஆனால் அதே ஊரில் இருபது முப்பது ஆண்டுகளாக நகராமல் இருக்கும் கூட்டம் ஒன்றும் உண்டு. ஓய்வுபெற்றவர்கள், நூலகர்கள், பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவர்கள், கடைக்காரர்கள். இவர்கள் வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த ஆடுகளத்தில் இரட்டையர் ஆடுவார்கள். இரட்டையருக்கு நால்வர் வேண்டும். அந்த ஊரின் போக்குப்படி அவர்களில் எப்போதும் ஒருவர் குறைவார். மூன்று பேர் வந்து நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை நீங்கள் எந்தப் பல்கலைக்கழக ஊரிலும் பார்க்கலாம்.

ஒற்றையர் ஆட ஒருவரை அழைப்பது பெரிய கோரிக்கை. முகம் தெரியாத ஆளை நம்பி ஒன்றரை மணி நேரத்தை ஒப்புக்கொடுக்க வேண்டும். நீங்கள் மோசமாக ஆடினால் அவருடைய மாலை வீண். நான்காம் ஆளாகப் போனால் கணக்கே வேறு. நீங்கள் போய்க் கேட்பவர் அல்ல, அவர்களுக்கு வேண்டியவர். மோசமாக ஆடினாலும் நான்கில் ஒரு பங்குதான் கெடும்.

செய்ய வேண்டியது: முதல் மூன்று நாள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போங்கள். சுவர் இருந்தால் சுவரில் ஆடுங்கள். அவர்கள் பந்து உங்கள் பக்கம் உருண்டு வந்தால், ஆட்டம் நின்ற பிறகு, சர்வீஸ் போடுபவர் கைக்கு ஒரே துள்ளலில் போகும்படி தட்டிவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது பின்னால் குறுக்கே நடக்காதீர்கள். இதை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பேக்ஹேண்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

காலைப்பறவை

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆறு மணிக்குப் போய்த் தனியாகச் சர்வீஸ் அடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், யாரோடும் ஆடியதில்லை. ஏழெட்டு ஊர்களிலும்.

பார்வையாளன்

ஆடுவதோடு பார்க்கவும் செய்யுங்கள். அணிப் போட்டி நடக்கும் நாள் வந்தால் விடாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் ஓர் அணி மோதலில் மூன்று இரட்டையர், ஆறு ஒற்றையர். இரட்டையர் மூன்றும் சேர்ந்து ஒரே புள்ளி, ஒற்றையர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஆக ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. ஆறு ஆடுகளத்தில் ஆறு ஒற்றையர் ஆட்டம் ஒரே சமயத்தில் நடக்கும், சத்தம் காதைப் பிளக்கும். டியூஸ் (40-40 சமநிலை) வந்தால், இரண்டு புள்ளி முன்னிலை கேட்கும் அட்வான்டேஜ் முறை கிடையாது. ஒரே புள்ளிதான், எந்தப் பக்கம் வாங்குவது என்பதை சர்வீசை வாங்கும் அணி தீர்மானிக்கும்.

நம் இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் இந்தக் கல்லூரிப் போட்டிகளில் வளர்ந்தவர்தான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதி ஆட்டம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சொந்த ஊரான ஏதென்சில். எதிரே அந்தப் பல்கலைக்கழகத்தின் நாயகன் ஜான் இஸ்னர். கூட்டம் முழுக்க அவர் பக்கம். மூன்று செட், அதில் இரண்டு டைபிரேக் (சமன் முறிக்கும் ஆட்டம்), சோம்தேவ் வென்றார். அதே இஸ்னர்தான் 2010 விம்பிள்டனில் 11 மணி நேரம் 5 நிமிடம் நின்று, ஐந்தாம் செட்டை 70-68 என்று முடித்தவர்.

கோட்டோரம்

இஸ்னரின் சர்வீசை மூன்று செட் சமாளித்ததே பெரிய விஷயம்.

அரங்கத்துப் புறா

பழமையான பல்கலைக்கழக ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தகவல். அப்படி ஓர் ஊரில் "டென்னிஸ் மன்றம்" என்ற பலகையைப் பார்த்து உள்ளே போனேன். உள்ளே நாற்புறமும் சுவர். மூன்று சுவர்களை ஒட்டிச் சாய்வான கூரை. வலை நடுவில் தொய்ந்து, ஓரங்களில் என் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருந்தது. ராக்கெட்டின் தலை ஒரு பக்கம் கோணலாக இருந்தது. செய்த ஆளின் கைத்தவறு என்று நினைத்தேன்!

அது ரியல் டென்னிஸ். நாம் ஆடும் டென்னிஸ் 1870-களில் புல்வெளிக்கு வந்தது. இது அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இன்றும் ஆடுகிறார்கள். சர்வீஸ் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான், பந்து அந்தச் சாய்வுக் கூரையில் உருண்டு இறங்க வேண்டும். பந்து இரண்டாம் முறை எங்கே குத்தியது என்பதைக் குறித்துவைத்து, முனை மாறிய பிறகு அந்தப் புள்ளிக்காக மறுபடி ஆடுவார்கள். எனக்கு இரண்டு முறை விளக்கினார்கள். இரண்டு முறையும் புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

ஊர்சுற்றி

வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. நிலவரம் சொல்கிறேன்.

அட்டை கிடைத்துவிட்டது. துறை அலுவலர் ஒரு வரியில் ஏற்பாடு செய்தார் (எலிக்குக் கோடி நன்றி). பதினெட்டு ஆடுகளங்களில் பன்னிரண்டு அணிக்கு. மீதி ஆறில் இரண்டின்மேல் பிக்கிள்பால் (டென்னிசைப் போன்ற, சிறிய களத்தில் ஆடும் ஆட்டம்) கோடுகளைப் பச்சை நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். முதல் நாள் சர்வீஸ் பழகும்போது எந்தக் கோடு என் கோடு என்று கண்ணே குழம்பிவிட்டது. பச்சைக் கோட்டுக்குள் அருமையாக விழுந்த சர்வீசுக்கு என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

ஆடுகளங்களின் கோடியில் ஒரு சுவர் இருக்கிறது. வலை உயரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் மாலை ஐந்தரைக்குச் சுவரோடு ஆடினேன். சுவர் ஒரு பந்தையும் விடாது, மூச்சு வாங்க நேரமும் தராது. இரண்டு துள்ளல் விட்டு அடித்தால்தான் என்னால் ஈடுகொடுக்க முடிகிறது. பக்கத்து ஆடுகளத்தில் நேற்று நால்வர், இன்று மூவர்! பழைய மட்டை ஐயா, நீங்கள் சொன்ன அதே காட்சி, மூவர் கையிலும் கைப்பேசி. என்னால் வாய் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பழைய மட்டை

நாளைக்கும் அதே ஐந்தரை.

இடக்கை

மூவர் நின்றும் வாய் திறக்கவில்லையா? நாங்கள் இங்கே பக்கம் பக்கமாக எழுதியது எதற்கு?

ஊர்சுற்றி

ஆறாம் நாள். ஆடிவிட்டேன்!

நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள். பந்து ஒன்று என் பக்கம் உருண்டு வந்தது. திருப்பித் தட்டினேன். அது அந்தக் குழுவில் இருந்த ஓர் அம்மையாரின் கையில் போய் உட்கார்ந்தது, என் வாழ்நாளின் சிறந்த அடி. அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாளை எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" என்றார். என் பெயரைக்கூட அப்போது கேட்கவில்லை.

குழு இப்படி. அந்த அம்மையார் நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் வளாகத்தின் குழாய் வேலைகளைப் பார்ப்பவர். மூன்றாமவர் கணிதத் துறை. அவர்களுடைய வழக்கமான நான்காமவர் ஆய்வுக்காக வேறு கண்டத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறதாம். இன்னமும் அவரைத்தான் "நம் நான்காம் ஆள்" என்கிறார்கள்.

தொடங்கும் முன் குழாய்க்காரர் வலையை அளந்தார். அளவுகோல் இல்லை. தன் ராக்கெட்டை நடுவில் நெட்டுக்குத்தாக நிறுத்தினார், அம்மையாரின் பழைய மர ராக்கெட்டை வாங்கி அதன் தலையைக் குறுக்கே மேலே வைத்தார். வலையின் விளிம்பு அதற்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. நடுப்பட்டையை இறுக்கினார், மறுபடி வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. நான் இருபது ஆண்டு ஆடியும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நரம்புக்காரர்

அருமை! ராக்கெட்டின் வழக்கமான நீளம் 27 அங்குலம், பழைய மர ராக்கெட்டின் தலை அகலம் 9 அங்குலம். கூட்டினால் 36. வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர், அதே கணக்கு. இன்றைய ராக்கெட்டுகளின் தலை அகலமானது, அதை வைத்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். அந்த மர ராக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்து எலி

குழாய்க்காரரிடம் நட்பாக இருங்கள். விளக்குகளின் சாவி அவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கும்.

ஊர்சுற்றி

எலி, உங்களுக்கு ஜோசியம் தெரியுமா? ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்த பிறகு எங்களுக்காக இன்னொரு அரை மணி எரிந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஒரு சங்கடம். கணிதக்காரர் என் பக்கம், ஐந்து-ஐந்து. எதிர்ப்பக்க லாப் ஒன்று எங்கள் தலைக்கு மேலே போனது. இருவரும் திரும்பி ஓடினோம். அது பேஸ்லைனில் விழுந்தது. என் கண்ணுக்குக் கோட்டின் வெளிவிளிம்பில் பட்டுத் தெறித்தது. அவர் "வெளியே" என்று கை தூக்கிவிட்டார். அம்மையார் வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றும் சொல்லாமல் என்னை மட்டும் பார்த்தார். நான் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. இவரோடு இன்னும் இரண்டு வாரம் ஆட வேண்டும். "எனக்கு உள்ளே தெரிந்தது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சரியா? விதி என்ன?

கோட்டோரம்

சரிதான். உங்கள் பக்கத்தில் விழும் பந்துக்கு நீங்கள்தான் நடுவர். சந்தேகம் இருந்தால் உள்ளே. இரட்டையரில் இணையர் இருவரும் மாறுபட்டுச் சொன்னால் அது உள்ளே விழுந்ததாகவே கணக்கு, புள்ளி எதிரணிக்கு. கடினத் தரையில் போய்த் தடம் தேடிக் காட்டும் வேலையும் கிடையாது, அது களிமண் தரைக்கு மட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்தான் தவறு.

காலைப்பறவை

விதி இருக்கட்டும். கணிதக்காரர் அதற்குப் பிறகு பேசினாரா?

ஊர்சுற்றி

அந்த கேம் முடியும்வரை பேசவில்லை. அடுத்த கேமில் என் சர்வீஸ். அருகில் வந்தார். பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "கோடு ஐந்து சென்டிமீட்டர் அகலம், பந்து அதில் ஒரு மில்லிமீட்டர் பட்டாலும் உள்ளேதான், எனக்குத் தெரியும்" என்றார். பிறகு வலைப்பக்கம் நடந்தவர் பாதியில் திரும்பி, "உன் இரண்டாவது சர்வீஸ் மிக மெதுவாக வருகிறது, நான் வலையில் நின்று அடி வாங்குகிறேன்" என்றார். ஐந்து-ஏழு, தோற்றுவிட்டோம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இடக்கை

பேக்ஹேண்ட்?

ஊர்சுற்றி

அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேனே.